பழைய பித்தளை அளவைக் கருவிகள் சேகரிக்க வருபவர்களுக்கு: ராமநாதபுரம் கடற்கரை வழிகாட்டி

கடலில் கோணம் பார்க்கும் செக்ஸ்டன்ட், நிலம் அளக்கும் தியோடலைட், மட்டம் பார்க்கும் டம்பி லெவல், கப்பல் தொலைநோக்கி, கல்லூரி ஆய்வகத்து நிறமாலைமானி. கண்ணாடியையும் பித்தளையையும் சேர்த்து ஒளியால் அளக்கும் இந்தப் பழைய கருவிகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நல்ல இடம். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், பாம்பன் என்று கடலை நம்பி வாழ்ந்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பாம்பன் பாலமும் தனுஷ்கோடி ரயிலும் கட்டுமானக் கருவிகளை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. எடுத்த கருவியைக் கடலின் தொடுவானத்தை வைத்தே சோதித்துப் பார்க்கவும் முடியும்.

ஆனால் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது, எந்தக் காகிதம் வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்லித்தர இங்கே ஆளில்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் காட்டுவார்கள். கடையில் கேட்டால் எல்லாம் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்பார்கள். நான் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவிகளின் மதிப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: கோணத்தைக் காட்டும் வட்டவில்லில் வெட்டிய கோடுகள், உள்ளே இருக்கும் கண்ணாடி, கூடவே வரும் காகிதம். பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

1. ஒரு வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கத் தொடங்கினால் பணமும் அலமாரியும் ஒரே நேரத்தில் தீரும். முதல் ஆண்டு ஒரே வகையில் நில்லுங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் கல்லூரி ஆய்வகக் கருவிகளில் தொடங்குங்கள். நிறமாலைமானி, நகரும் நுண்ணோக்கி, போலரிமீட்டர் ஆகியவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. ஹரியானாவின் அம்பாலாவில் செய்தவை நிறைய உண்டு. நூறு வயது ஆகாததால் சட்டச் சிக்கல் குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவருக்கு இயக்கத் தெரியும். வெர்னியர் (நுண்ணிய பிரிவைக் காட்டும் சிறு துணை அளவுகோல்) படிப்பதற்கும், இணையாக்கியைச் சரிசெய்வதற்கும், முப்பட்டகத்தை மேடையில் நிறுத்துவதற்கும் கை பழகிவிட்டால், பிறகு எந்தக் கருவியைக் கண்டாலும் அதன் உடல்நிலை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடல் மீது ஆசை உள்ளவர்கள் வெர்னியர் செக்ஸ்டன்டைத் தேடலாம். அதன் வட்டவில் ஒரு வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 பாகை. கண்ணாடியில் எதிரொளிப்பதால் கோணம் இரட்டிக்கும். எனவே அளவுகோட்டில் 120 பாகை வரை எழுதியிருக்கும். நல்ல செக்ஸ்டன்டின் வெர்னியரில் 10 விகலை வரை படிக்கலாம் (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை).

தியோடலைட்டும் டம்பி லெவலும் கனமானவை. முக்காலி தனி, பெட்டி தனி. வைக்க இடம் உண்டா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

2. எங்கே தேடுவது, எப்போது போவது

பழைய இரும்புக் கடைகளில் பித்தளை எடை போட்டுத்தான் வாங்கப்படுகிறது. அங்கே வந்த கருவி சில நாள்களில் உடைத்து உருக்கப் போய்விடும். ஆகவே கடைக்காரரிடம் எண்ணைக் கொடுத்து, "கண்ணாடி வைத்த பித்தளைச் சாமான் எது வந்தாலும் உடைக்காமல் சொல்லுங்கள் அண்ணாச்சி, எடை விலைக்கு மேலே தருகிறேன்" என்று சொல்லிவையுங்கள். சொன்ன பிறகு அவர் கூப்பிட்டால் போகத் தவறாதீர்கள். இரண்டு தடவை போகாவிட்டால் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்.

பழம்பொருள் கடைகளுக்கு அருகில் உள்ள ஊர் காரைக்குடி. முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகக் கடைகள் உண்டு. செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள்தான் அங்கே அதிகம். ஆனால் கப்பல் தொலைநோக்கியும் திசைகாட்டியும் அவ்வப்போது வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை புதியவை என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

வீடுகளில்தான் உண்மையான பொருள் இருக்கிறது. கீழக்கரையிலும் தொண்டியிலும் தோணி வைத்திருந்த குடும்பங்களிடம் பெட்டியோடு கருவிகள் கிடக்கலாம். அந்த வீடுகளுக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். ஊரில் மதிக்கப்படும் ஒருவர் வழியாகப் போங்கள். பெரியவரைக் "காக்கா" (இங்கே அண்ணன் என்று பொருள்) என்று அழைத்து, முதலில் அந்தப் பொருளின் கதையைக் கேளுங்கள். "இது எங்கள் வாப்பாவுடைய வாப்பா வைத்திருந்தது தம்பி" என்று சொன்னால், அன்றைக்கு விலை பேசாதீர்கள். அது என்ன பொருள், வெளியில் என்ன விலைக்குப் போகிறது என்பதை நீங்களே உண்மையாகச் சொல்லிவிடுங்கள். விற்க மனமில்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு, எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லிவிட்டு வாருங்கள். விவரம் தெரியாத பெரியவரிடமிருந்து பித்தளை விலைக்கு எடுத்துவருவது எனக்கு ஏற்புடையதல்ல. இந்த ஊர்களில் அந்தப் பேச்சு ஒரு வாரத்தில் பரவி, எல்லாக் கதவும் அடைத்துவிடும்.

நேரம் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். பழைய தண்டல்களை, அதாவது தோணித் தலைவர்களைப் பற்றியும் அவர்கள் வீட்டுச் சாமான்களைப் பற்றியும் பொறுமையாகப் பேசக் கிடைப்பார்கள். ரமலான் மாதத்தில் பகலில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். கருவியைத் திறந்த வண்டியில் ஏற்றிக் கொண்டுவர ஏற்ற காலம் அல்ல.

3. போலியை இனம் காணுங்கள்

சந்தையில் "பழைய செக்ஸ்டன்ட்" என்று நம் கைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தவை. உத்தரகண்டின் ரூர்க்கி, உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களில் இவை முறையாகத் தயாராகி, மாதிரிப் பொருள் என்ற பெயரில் விற்பனையாகின்றன. அதில் தவறில்லை. இடையில் யாரோ புகை போட்டு, அமிலம் தடவி, பழையது என்று கை மாற்றும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது.

பெயரைப் படியுங்கள். "கெல்வின் அண்டு ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறித்த செக்ஸ்டன்ட் உங்களிடம் கட்டாயம் வரும். கெல்வின் நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் இணைந்து அந்தப் பெயரில் நிறுவனமானது 1947-இல். 1917-இல் அப்படி ஒரு பெயரே இல்லை. "விக்டோரியன் மரைன் டெலஸ்கோப், 1915" என்று எழுதிய தொலைநோக்கியும் வரும். விக்டோரியா அரசி 1901-இல் இறந்துவிட்டார். தன் கருவிக்கு எந்தத் தயாரிப்பாளரும் 1915-இல் அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார். உண்மையான பெயர்களும் இருக்கின்றன: டிரௌட்டன் அண்டு சிம்ஸ், ஹீத், ஹென்றி ஹியூஸ், எலியட் பிரதர்ஸ், குக், கசெல்லா, ஹாம்பர்க்கின் சி. பிளாத். ஆனால் உண்மையான பெயரையும் போலியில் பொறிக்கலாம். எனவே பெயரோடு நின்றுவிடாதீர்கள்.

கோடுகளைப் பாருங்கள். இதுதான் முதன்மையான சோதனை. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கருவியில் பித்தளை வில்லின்மேல் வெள்ளிப் பட்டை பதித்து, அதில் மயிரிழை போன்ற கோடுகள் வெட்டியிருப்பார்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருக்கும். ஓரம் கூர்மையாக இருக்கும். போலியில் கோடுகள் நேராகப் பித்தளையிலேயே தடிமனாக அரித்தோ அச்சடித்தோ இருக்கும்.

பிறகு வெர்னியரை நகர்த்துங்கள். வெர்னியரின் சுழிக்கோட்டை (0 கோட்டை) முதன்மை அளவுகோட்டின் ஏதாவது ஒரு கோட்டோடு பொருத்துங்கள். அப்போது வெர்னியரின் கடைசிக் கோடும் முதன்மை அளவுகோட்டின் ஒரு கோட்டோடு சரியாகப் பொருந்த வேண்டும். இதை வில்லின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று நான்கு இடங்களில் செய்துபாருங்கள். எங்கும் பொருந்தினால் கோடு வெட்டியவர் தெரிந்து வெட்டியிருக்கிறார். போலிகள் இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும். பேச்சில் வல்ல விற்பனையாளரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

திருகுகளைப் பாருங்கள். குறுக்குப் பிளவு உள்ள திருகு பழைய கருவியில் இருக்காது. பழைய திருகின் பிளவு மெல்லியதாக இருக்கும்.

கறுப்பைப் பாருங்கள். கை படும் இடத்தில் மெருகு தேய்ந்தும் கை படாத மூலையில் மெருகு மிஞ்சியும் இருப்பது இயல்பான முதுமை. எல்லா இடமும் ஒரே அளவில் கறுத்திருந்தால், அது மருந்தில் முக்கி எடுத்த முதுமை.

பெட்டியைப் பாருங்கள். மகோகனி அல்லது தேக்குப் பெட்டி, மூலைகளில் பல் பல்லாகக் கோத்த இணைப்பு, கருவி அசையாமல் உட்கார வெட்டிய மரத் தாங்கிகள் ஆகியவை நல்ல அடையாளங்கள். மூடியின் மேல் பித்தளை நங்கூரம் பதித்த ஷீஷம் மரப் பெட்டி பரிசுப் பொருள்.

தியோடலைட்டிலும் லெவலிலும் "எம்.ஐ.ஓ. கல்கத்தா" என்ற ஆங்கில எழுத்துகளைக் கண்டால் கவனமாகப் பாருங்கள். கல்கத்தாவில் 1830-இல் தொடங்கிய அரசுக் கணிதக் கருவி அலுவலகத்தின் அடையாளம் அது. அந்த அலுவலகத்தில் புகழ்பெற்ற கருவி வினைஞராக இருந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் நம் ஆற்காட்டுக்காரர். இந்த அடையாளம் உள்ள கருவிகளை லண்டன் பெயர்களைவிட நான் மதிப்பாக எண்ணுகிறேன். நம் நாட்டின் வெயிலிலும் மழையிலும் வேலை செய்தவை அவை.

4. கடற்கரையில் சோதியுங்கள்

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் தெற்கே மன்னார் வளைகுடா திறந்து கிடக்கிறது. தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கிழக்கே பாக் நீரிணை. தொடுவானம் தெளிவாகத் தெரியும் காலை நேரத்தில் போங்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போவதென்றால் மாலையில் அந்தப் பாதையை அடைத்துவிடுவார்கள், பகலிலேயே திரும்பிவிடுங்கள். இது எல்லைக் கடல். தொலைநோக்கியோடு நிற்பவரைக் கடலோரக் காவல் பிரிவினர் விசாரிப்பது இயல்பு. ஆதார் அட்டையையும் கருவியின் பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் சம்மதித்தால், முன்பணம் கொடுத்து, வாங்குவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. செக்ஸ்டன்டுக்கு நான்கு சோதனைகள்.

முதலாவது: வில்லின்மேல் நகரும் சுட்டுக்கரத்தை வில்லின் நடுவில் வைத்து, கருவியைக் கிடையாகப் பிடித்து, அந்தக் கரத்தின் மேல்முனையில் உள்ள சுட்டுக்கண்ணாடியில் வில்லின் பிம்பத்தைப் பாருங்கள். நேரில் தெரியும் வில்லும் பிம்பமும் ஒடியாமல் ஒரே தொடராகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது: கரத்தைச் சுழியில் வைத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். நேரில் தெரியும் கோடும் பிம்பமும் ஒரே கோடாக வரும்வரை திருகுங்கள். இப்போது கருவியைப் பக்கவாட்டில் சாய்த்தால் கோடு உடையக் கூடாது. உடைந்தால் தொடுவானக் கண்ணாடி (தொலைநோக்கிக்கு எதிரே சட்டத்தில் நிலையாக இருப்பது) சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டு கோளாறும் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள திருகால் சரியாகக்கூடியவை. விலையைக் குறைக்கலாம், கருவியை ஒதுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கருவி தன்னைத் தானே சோதித்துச் சொல்லும். முதலில் நிறக்கண்ணாடிகளில் விரிசல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இரண்டு கண்ணாடிகளின் பக்கமும் அடர்ந்த நிறக்கண்ணாடிகளைக் குறுக்கே கொண்டுவராமல் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். சுழிக்கு அருகில் வைத்து, சூரியனின் பிம்பம் நேர்ச் சூரியனை ஒரு பக்கம் தொடும்போது ஓர் அளவும், மறுபக்கம் தொடும்போது ஓர் அளவும் எடுங்கள். ஒன்று சுழிக்கு உள்ளேயும் மற்றொன்று சுழிக்கு வெளியேயும் விழும். வெளியே விழுவதைப் படிக்கும்போது வெர்னியரை எதிர்முனையிலிருந்து படிக்க வேண்டும். இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் சூரியனின் அரைவிட்டம் வர வேண்டும். அது ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 15.7 கலை, ஜனவரித் தொடக்கத்தில் 16.3 கலை. உள்ளே 34, வெளியே 30 என்று வந்தால் கூட்டுத்தொகை 64, நான்கில் ஒன்று 16. கருவியும் நீங்களும் சரியாக இருக்கிறீர்கள். வித்தியாசத்தில் பாதி, அதாவது 2 கலை, சுட்டுப்பிழை (கருவியின் சுழி விலகியிருக்கும் அளவு). அது தெரிந்த பிழை, கழித்துக்கொள்ளலாம்.

நான்காவது: நண்பகல் சூரியனின் உயரம். டிசம்பர் கடைசி வாரம் இதற்கு ஏற்றது. அரிச்சல்முனையின் அட்சரேகை ஏறத்தாழ 9 பாகை 9 கலை. டிசம்பர் 22 வாக்கில் சூரியனின் மையம் தெற்கே சுமார் 57 பாகை 25 கலை உயரத்தில் உச்சம் தொடும். நேரம் நண்பகல் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி. கீழ்விளிம்பை அளந்து, அரைவிட்டத்தைக் கூட்டி, நிற்கும் உயரத்துக்கான தாழ்வை (தொடுவானம் கண்மட்டத்துக்குக் கீழே தெரியும் அளவை) கழியுங்கள். கண் கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தாழ்வு சுமார் 2.5 கலை. கணக்கிட்டதற்கும் அளந்ததற்கும் ஓரிரு கலைதான் வித்தியாசம் என்றால் வில் வளையாமல் இருக்கிறது. பல கலைகள் தள்ளி வந்தால், கீழே விழுந்து சட்டம் வளைந்த கருவியாக இருக்கலாம். அதைச் சரிசெய்ய முடியாது. சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அந்த நாள்களில் இந்தச் சோதனை வேண்டாம். சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்கு மிக வேகமாகப் புரளும்.

தியோடலைட்டில் எதிரெதிரே இரண்டு வெர்னியர்கள் இருக்கும். வட்டத்தின் எந்த இடத்திலும் இரண்டுக்கும் 180 பாகை வித்தியாசம் வர வேண்டும். சுற்றச் சுற்ற வித்தியாசம் மாறிக்கொண்டே போனால் அச்சு மையம் விலகியிருக்கிறது. கண்வில்லை வழியாகக் குறுக்கு நூலைப் பாருங்கள். பழைய கருவிகளில் அது சிலந்தி நூல். தூசி என்று நினைத்துத் துடைத்தால் அறுந்துவிடும்.

எல்லாக் கருவியிலும் கண்ணாடியை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வேர் விட்டதுபோல் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் இரண்டு வில்லைகளை ஒட்டிய பிசின் விட்டுப்போயிருக்கிறது.

5. காகிதங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தவிர்க்கிறார்கள். தவிர்க்காதீர்கள்.

தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடைய பொருள் தொல்பொருள். கடந்த காலத்தின் அறிவியலைக் காட்டும் பொருள்களும் அந்த வரையறையில் வருகின்றன. ஆகவே நூறு வயதான செக்ஸ்டன்ட் சட்டப்படி தொல்பொருள். அறிவியல், வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கு 75 ஆண்டுகளே போதும். பழைய கப்பல் நாட்குறிப்பும் பெட்டி மூடியில் ஒட்டிய சோதனைச் சான்றிதழும் இதில் அடங்கலாம். வீட்டில் வைத்திருக்கத் தடை இல்லை. கட்டாயப் பதிவு சிற்பம், ஓவியம் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளுக்குத்தான். ஆனால் தொல்பொருளை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். ஒன்றிரண்டை வாங்கி விற்று அடுத்ததை வாங்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் வாங்க வேண்டியவை:

கடையானால் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில். அதில் "பித்தளைச் சாமான்" என்று எழுத விடாதீர்கள். கருவியின் பெயர், பொறித்த பெயர், வரிசை எண், பெட்டி உண்டா இல்லையா எல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

வீடானால் ஒரு விற்பனைக் கடிதம். விற்பவரின் பெயர், முகவரி, அந்தப் பொருள் குடும்பத்துக்கு எப்படி வந்தது, என்ன விலை, யாருக்கு விற்றார் என்பதை அவரே தமிழில் எழுதிக் கையெழுத்திடட்டும். இரண்டு சாட்சிகள். அடையாள அட்டை நகல் ஒன்று. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்.

அரசு அல்லது கல்லூரிப் பொருளானால், கழிவு செய்து ஏலத்தில் விட்டதற்கான கடிதமும் ஏல ரசீதும். இருப்புப் பதிவேட்டு எண் கருவியில் வெள்ளை எழுத்தில் இருக்கும். கடிதத்தில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் இல்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆய்வக உதவியாளர் "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்வதைக் காகிதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ரயில்வே அடையாளம் உள்ள கருவியில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். இந்தக் கடற்கரையில் பழைய தென்னிந்திய ரயில்வேயின் எழுத்து பொறித்த லெவல்கள் வந்தால் வியப்பில்லை. ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966-இன்படி, திருடப்பட்டதாகச் சந்தேகிக்க இடமுள்ள ரயில்வே பொருள் உங்களிடம் இருந்தால், அது நேர்மையாக வந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஏல ரசீது இல்லாமல் தொடாதீர்கள்.

மண்ணில் கிடைத்தது, கடலில் கிடைத்தது என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள். மண்ணுக்குள் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மணலில் நீங்களாகத் தோண்டிப் பார்ப்பதும் வேண்டாம். மூழ்கிய கப்பலின் பொருளுக்கும் தெரிவிக்கும் கடமை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அங்கே கால் வைக்கவே கூடாது.

6. செலவு

புதிய அலங்காரச் செக்ஸ்டன்ட் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அதே பொருளுக்கு யாராவது முப்பதாயிரம் கேட்டால், அது எந்த விலை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வெர்னியர் செக்ஸ்டன்ட், பெட்டியோடு, பிரிட்டன் ஏலங்களில் சில நூறு பவுண்டுகளுக்குப் போகிறது. இங்கே வீட்டில் வாங்கும்போது அந்த விலையை மனத்தில் வைத்துப் பேசுங்கள். பெட்டி மூடியில் கியூ ஆய்வகத்தின் சான்றிதழோ பிரிட்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சான்றிதழோ ஒட்டியிருந்து, அதிலுள்ள எண் வில்லில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போனால் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். கண்ணாடிக்குத் திரும்ப வெள்ளிப் பூச்சுப் போடலாம், திருகைச் செய்து போடலாம். அந்தக் காகிதத்தை எங்கும் வாங்க முடியாது.

பொருளின் விலையோடு நில்லாமல், லென்ஸ், ஈரப்பதமானி, காற்றுப்புகாப் பெட்டி, சிலிக்கா ஜெல், போக்குவரத்து ஆகியவற்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். தியோடலைட்டைப் பஸ்ஸின் மேல்தட்டிலோ பார்சலிலோ போடாதீர்கள். ரயிலில் மடியருகே வைத்துக்கொண்டு வாருங்கள்.

7. வெளிநாட்டிலிருந்து வருவதும் வெளிநாட்டுக்குப் போவதும்

வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தால், ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் 20 முதல் 30 சதவீதம் வரை வரலாம். அதற்கு மேல் பொதி கட்டும் செலவு, கப்பல் அல்லது விமானக் கூலி, காப்பீடு. சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடப்படும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்குச் சுங்க வகைப்பாட்டில் 9706 என்ற தனித் தலைப்பு உண்டு. வயதுக்குச் சான்று இல்லாவிட்டால் 9014 அல்லது 9015 என்ற கடற்பயண, நில அளவைக் கருவித் தலைப்பில் போட்டு வேறு வரி கேட்பார்கள். ஆகவே ஏல நிறுவனத்திடம் தயாரிப்பாளர் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் குறித்த இன்வாய்ஸைப் பொருள் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை; அடையாள ஆவணம் கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள். சுங்கத்தில் தரும் இறக்குமதிப் பட்டியலைத் தொலைக்காதீர்கள். பொருள் வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே சான்று.

வெளியே கொண்டுபோவது வேறு கதை. தனியார் யாரும் தொல்பொருளை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யக்கூடாது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் இல்லாத வீடு இந்தக் கடற்கரையில் குறைவு. "மச்சானுக்குப் பரிசாக அனுப்புகிறேன்" என்று பெட்டியில் வைத்துவிடாதீர்கள். நூறு வயது ஆகாத கருவியானால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. புகைப்படங்களும் விவரங்களும் கேட்பார்கள், பொருளையும் காட்ட வேண்டும். பயணத் தேதிக்கு முந்தைய வாரத்தில் தொடங்காதீர்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தொடங்குங்கள். விமானத்தில் பாதரசம் கூடவே கூடாது. பழைய செயற்கைத் தொடுவானத் தட்டுகளில் (கடல் தெரியாத இடத்தில் தொடுவானத்துக்குப் பதிலாகப் பயன்படுத்துபவை) பாதரசம் இருக்கலாம். வீட்டிலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடி வையுங்கள்.

8. உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் அன்போடு செய்வார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். புளியும் பித்தளைத் தூளும் நூறாண்டு மெருகை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடும். வெள்ளிப் பட்டையில் கோடுகளையும் மழுக்கிவிடும். ஸ்பிரிட்டும் சானிடைசரும் அரக்கு மெருகைக் கரைக்கும். வெள்ளிப் பட்டை கறுத்திருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும். படிக்க முடிந்தால் போதும்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும், காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் பித்தளைப் பாகங்களை மட்டும் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியில் உப்புத்தூள் இருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். பூஞ்சை பிடித்த வில்லையை நீங்களே கழற்ற வேண்டாம். பழைய கேமரா பழுதுபார்க்கும் நல்ல கைவினைஞர் மதுரையிலோ சென்னையிலோ கிடைத்தால் அவரிடம் கொடுங்கள்.

கம்பளித் துணியில் சுற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ரப்பர் பட்டையும் பஞ்சு ரப்பரும் வேண்டாம். வெளுத்துக் கஞ்சி போன பழைய வேட்டித் துணி போதும்.

காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஈரப்பதமானி வையுங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இந்தக் கரையில் வெளிக்காற்று எளிதாக 70-ஐத் தாண்டும். அந்த ஈரத்தில் பூஞ்சைக்கு வேறெதுவும் தேவையில்லை. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் நிறைந்துவிட்டது. 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். சமையல் பாத்திரத்தில் சூடாக்காதீர்கள், நீல நிறத்துக்காகச் சேர்க்கும் கோபால்ட் உப்பு நஞ்சு. மழைக்காலத்தில் இந்த ஜெல் சீக்கிரம் நிறையும். அக்டோபர் பிறந்ததும் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே நிறத்தைப் பாருங்கள். பில், விற்பனைக் கடிதம், நான்கு பக்கமும் வரிசை எண்ணும் தெரியும் படங்கள் எல்லாவற்றின் நகலையும் அந்தப் பெட்டியில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள்.